முறை வரட்டும்

மார்ச் 9, ஞாயிறு

நேற்றுப் பனியன் பட்டறையில் சம்பளம் கொடுக்கும்போது ஓவர்லாக் மெஷினில் தைக்கும் தம்பி கேட்டான்: "ஏனுங்ண்ணா, அடுத்த வாரம் ஆர்டர் முடிஞ்சிருமுங்க. வேன் பேசி எல்லாரும் மலைக்குப் போய்ட்டு வந்தர்லாங்களா?" வனத்துறை அனுமதி வாங்கவேண்டுமே என்றேன். "அதையெல்லாம் யாருங்ண்ணா கேக்கறாங்க? செக்போஸ்ட்டைச் சுத்திப் போற வழி தெரிஞ்ச ஆள் இருக்காருங்க."

வாரம் முழுக்க மெஷின் முன்னால் குனிந்தே இருக்கும் பிள்ளைகள். பச்சையைப் பார்க்க ஏங்குகிறார்கள். மறுக்க மனமில்லை, சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

2018-இல் இதே தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. சிக்கியவர்களில் ஒரு குழு சென்னையிலிருந்து வந்தது. இன்னொரு குழு நம் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். 23 உயிர்கள் போயின. காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஏறினால் மனிதக் கால் அதை முந்தாது. மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது அதே ஆண்டில், அதற்குப் பிறகுதான். இன்று பகல் முழுவதும் ஓவர்லாக் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13, வியாழன்

மகள் பேசினாள். மேட்டுப்பாளையத்தில், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரியில் படிக்கிறாள். நீலகிரி அடிவாரம், வளாகத்துக்குள்ளேயே யானை வந்துபோகும். மலைக்குப் போகும் விஷயத்தைச் சொன்னேன். "ஆராய்ச்சிக்கு வளர்க்கிற மரத்துல நம்பர் தகடு இருக்குங்ப்பா. யாராச்சும் விளையாட்டுக்குப் பிடுங்கிட்டா அத்தனை வருஷ அளவும் போச்சு. அதுக்காக ஜனங்களே வரக்கூடாதுன்னா காட்டு மேல யாருக்குப் பாசம் வரும்?"

வைத்தம் காட்டைப் பற்றியும் சொன்னாள். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான, ஏறக்குறைய 1,000 ஏக்கர் காடு. ஃபென்னல் என்பவர், இறந்துபோன மகள் ஹேசலின் நினைவாக 1940-களில் கொடுத்தது. அங்கே 1947 முதல் பட்டாணிக்குருவிகளுக்குப் பெட்டிகளில் கூடு கட்ட இடம் கொடுத்து, தலைமுறை தலைமுறையாகக் கணக்கெடுத்து வருகிறார்கள். பொதுமக்களும் நடக்கலாம். அனுமதிச்சீட்டு இலவசம், ஆனால் கேட்டுப் பெறவேண்டும். நாயைக் கூட்டிப் போகக்கூடாது, சைக்கிள் ஓட்டக்கூடாது.

மகளை இழந்த தகப்பன் காட்டையே கொடுத்திருக்கிறார். அதில் கால் வைக்கும்முன் ஒரு வார்த்தை கேட்பது மரியாதைதானே!

மார்ச் 15, சனி

டீ நேரத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினேன். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தைச் செல்போனில் காட்டினேன். 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை. வழிகாட்டிகள் அந்தந்த மலைப்பகுதி மக்கள். நம் திருப்பூர் மாவட்டத்திலேயே சின்னார் சோதனைச்சாவடியிலிருந்து கூட்டாறு வரை ஒரு பாதை உண்டு. இப்போது தீக்காலம், ஏப்ரல் 15 வரை பாதைகள் மூடியிருக்கும்.

"நம்ம மலைக்குப் போக நாம எதுக்குங்க காசு கட்டோணும்?" என்றாள் செக்கிங் பார்க்கும் பெண். நியாயமான கேள்வி. சில பாதைகளின் கட்டணம் ஒரு டெய்லரின் ஒருநாள் கூலியைத் தாண்டுகிறது. வழிகாட்டிக்குக் கூலி வேண்டும், பாதுகாப்புக்குச் செலவு உண்டு; ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பனியன் தைக்கிறவருக்கு எட்டாத சீட்டு அவரைத் திருட்டு வழிக்குத்தான் தள்ளும். வைத்தம்போல் இலவசமாக இல்லாவிட்டாலும் கைக்கு எட்டும் விலையில் இருக்கவேண்டும். இதை வனத்துறைக்கு எழுதப்போகிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசன வாய்க்கால் கரையில் நடந்தேன். ஆனைமலைக் காட்டில் பெய்த மழைதான் திருமூர்த்தி அணை வழியாக எங்கள் பொங்கலூர் தோட்டங்களுக்கு வருகிறது. ஆயக்கட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். முறை வராமல் மடையைத் திறந்தால் கடைமடைக்காரன் வயல் காயும் என்று இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். தண்ணீருக்குக் காத்திருக்கத் தெரிந்த நமக்கு, அது பிறக்கும் காட்டுக்குக் காத்திருக்கத் தெரியாதா?

மாலையில் ஓவர்லாக் தம்பி வீட்டுக்கே வந்தான். "ஏப்ரல் கடைசிலயே போலாங்ண்ணா. பேரெழுதிக்கங்க."

வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: பெயர், வயது, வீட்டு போன் நம்பர். பதினோரு பேர். இந்தப் பதினோரு பேரும் எந்த நாளில் எந்தப் பாதையில் இருக்கிறார்கள் என்று கீழே ஒருவருக்காவது தெரிந்திருக்கும்.