மயிலிறகும் அச்சும்

ஜேர்மனியில் வாழும் எம்மவர் வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் பேச்சுகளில் ஒன்று, அடுத்த வாகனம் எது என்பதாகும். பிள்ளைகள் வளர்ந்து உழைக்கத் தொடங்கிவிட்டனர்; பேரப்பிள்ளைகள் வந்துவிட்டனர்; முதியோரும் உடன் இருக்கின்றனர். பழைய சிறிய கார் போதாது என்ற எண்ணம் எழுவது இயல்பே. அவ்வேளையில் பெரும்பாலானோரின் கண் செல்வது, எஸ்.யு.வி. என்று அழைக்கப்படும், ஜீப் போல் உயர்ந்து நிற்கும் நடுத்தர அளவு வாகனங்களின் மீதாகும். "இடம் தாராளமாக இருக்கும்" என்பதே அதற்குக் கூறப்படும் முதற் காரணம். அந்த இடம் உண்மையில் எவ்வளவு, எப்போது கிடைக்கும், எவ்வளவு நிறையைத் தாங்கும் என்பன பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். நான் இயந்திரம் கற்றவனல்லன். ஊரில் தமிழும் வரலாறும் கற்பித்தவன். எனினும் கூட்டிக் கழித்துப் பார்ப்பதற்குப் பொறியியற் பட்டம் தேவையில்லை.

எமது குடும்பங்கள் வாகனத்தில் ஏற்றுபவை ஜேர்மனியக் குடும்பங்கள் ஏற்றுபவை போன்றனவல்ல. ஹம் நகரின் காமாட்சி அம்பாள் ஆலயத் தேருக்குச் செல்லும்போது அருச்சனைத் தட்டு முதல் அன்னதானத்துக்குக் கொடுக்கும் அரிசி மூடை வரை கூடச் செல்லும். ஆகஸ்ட் மாதத்தில் கேவலார் மாதாவிடம் யாத்திரை செல்வோர் மூன்று தலைமுறையினராகச் செல்வர். பாரிஸ் லாச்சப்பலுக்குப் போனால் திரும்பும்போது மரக்கறிப் பெட்டிகளும் பலகாரங்களும் சேர்ந்துவிடும். பூப்புனித நீராட்டு விழா என்றால் கிடாரமும் குத்துவிளக்கும் மணவறைச் சோடனையும் எம் வாகனத்தில்தான். ஆகவே பெரிய பின்னறை வேண்டும் என்று நாம் விரும்புவதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட இயலாது.

அவ்விருப்பத்துக்கு ஆழமான வேறொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். 1995 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. அன்று எம்மில் பலரிடம் இருந்த வாகனம் ஒரு சைக்கிள். அதன் கரியரில் எது ஏறும், எது ஏறாது என்பதே வீட்டில் எது மிஞ்சும் என்பதைத் தீர்மானித்தது. தையல் இயந்திரத்தை ஏற்றினால் நெல் மூடையை விடவேண்டும். நெல்லை ஏற்றினால் நடக்க இயலாத பாட்டியை யார் சுமப்பது? அவ்விரவைக் கடந்தவர்களின் மனத்தில், இடம் இல்லை என்பதற்காக இனி எதையும் எவரையும் விட்டுச் செல்லலாகாது என்ற உறுதி தங்கிவிட்டது. விற்பனை நிலையத்தில் பின்கதவு தானாகத் திறந்து அகன்ற வெறுமையைக் காட்டும்போது, அம்மனமே முதலில் தலையசைக்கின்றது. ஆயினும் தலையசைக்குமுன் அளந்து பார்ப்பது நன்று.

எங்கள் வீட்டில் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், நான், என் மனைவி, எண்பது வயதைக் கடந்த மாமியார் என எழுவர். மாமியாருக்குச் சக்கர நாற்காலி இன்றி வெளியிற் செல்ல இயலாது. எழுவருக்கு ஏழு ஆசன வாகனம் என்று மகன் தீர்மானித்திருந்தான். விளம்பரப் புத்தகங்களைக் கொண்டு வந்து மேசையில் பரப்பி, எத்தனை லீற்றர் என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இந்த லீற்றர்க் கணக்கு எவ்வாறு வருகின்றது என்பதனை அறிந்துகொள்ளல் அவசியம். ஜேர்மனிய வாகனத் தொழிற்துறையின் முறைப்படி, 200 மில்லிமீற்றர் நீளமும் 100 மில்லிமீற்றர் அகலமும் 50 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட சிறு கட்டைகளைப் பின்னறையில் அடுக்குவார்கள். ஒரு கட்டை ஒரு லீற்றர். செங்கல்லிலும் சிறிய அக்கட்டைகள் மூலை முடுக்கெங்கும் புகுந்துவிடும். கிடாரமும் பிள்ளை வண்டியும் சக்கர நாற்காலியும் அவ்வாறு புகமாட்டா.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. பெரிய எழுத்தில் அச்சிடப்படும் லீற்றர், பெரும்பாலும் ஐந்து ஆசன வடிவத்துக்கோ, மூன்றாம் வரிசையை மடித்த நிலைக்கோ உரியது. 2024 இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை ஸ்கோடா கோடியாக்கை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆசனமாயின் 910 லீற்றர். ஏழு ஆசனங்களும் நிமிர்ந்து நின்றால் 340 லீற்றர். 2025 இல் விற்பனைக்கு வந்த வொல்க்ஸ்வாகன் ரைரோனில் ஐந்து ஆசனத்துக்கு 885, எழுவரும் அமர்ந்தால் 345. மின்கலமும் பெற்றோலும் சேர்ந்து இயங்கும் வகையை வாங்கினால் மின்கலமும் இடத்தில் பங்கு கேட்கும். அவ்வகைக் கோடியாக்கில் 745 லீற்றரே. ஆட்களுக்கும் பொருட்களுக்கும் உரியது ஒரே இடந்தான் என்பதை இவ்விலக்கங்கள் காட்டுகின்றன.

எங்கள் வீட்டில் இவ்வுண்மையை முதலிற் கண்டவர் மருமகள். "மாமா, லீற்றர்க் கணக்கை விடுங்கோ. அம்மம்மாவின்ர கதிரையைக் கொண்டுபோய் வைச்சுப் பாப்பம்" என்றார். அவ்வாறே ஒரு சனிக்கிழமை விற்பனை நிலையத்துக்கு நாற்காலியுடன் சென்றோம். ஏழு ஆசனங்களும் நிமிர்ந்து நின்றபோது, மடித்த நாற்காலியை வைத்துப் பின்கதவை மூட இயலவில்லை. மூன்றாம் வரிசையில் ஓர் ஆசனத்தை மடித்ததும் நாற்காலி உள்ளே சென்றது. ஆனால் அப்போது ஆசனங்கள் ஆறு. நாற்காலி ஏறினால் ஓராள் இறங்கவேண்டும். நாங்கள் எங்கே புறப்பட்டாலும் மாமியாரும் அவருடைய நாற்காலியும் சேர்ந்தே வரவேண்டியவர்கள். எழுவருக்கென்று வாங்க எண்ணிய வாகனம் எங்கள் எழுவரைச் சுமக்காது என்பது பத்து நிமிடத்தில் தெளிவாயிற்று.

இடம் ஒரு புறமிருக்க, நிறை என்று ஒன்று உண்டு. இதனைக் கேட்போர் மிகக் குறைவு. வாகனப் பதிவுப் பத்திரத்தின் முதற் பகுதியில் எஃப்.2 என்ற இடத்தில் வாகனத்தின் அனுமதிக்கப்பட்ட மொத்த நிறையும், ஜி என்ற இடத்தில் வெறும் வாகனத்தின் நிறையும் குறிக்கப்பட்டிருக்கும். ஜி என்பதில் சாரதிக்காக 75 கிலோ ஏற்கெனவே சேர்க்கப்பட்டுள்ளது. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் மிஞ்சுவதே நாம் ஏற்றக்கூடியது. எஃப்.2 இல் 2400 உம் ஜி இல் 1800 உம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிச்சம் 600 கிலோ. சாரதி தவிர ஆறு பெரியவர்கள், ஆளுக்கு 75 கிலோ என்றால் 450 போயிற்று, எஞ்சியது 150. தலா 23 கிலோ கொண்ட நான்கு பயணப்பெட்டிகள் 92. 20 கிலோ அரிசி மூடை மூன்று 60. கூட்டினால் 152. உள்ளே இடம் இல்லையென்று கூரையில் பெட்டி பூட்டினால் அதன் நிறையும் இதனுடன் சேரும். கூரைக்குத் தனி எல்லையும் உண்டு. பல வாகனங்களில் அது 75 கிலோவே.

திருக்குறளில் வலியறிதல் என்ற அதிகாரத்தில், மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொல்லியிருப்பதை நாம் எல்லோரும் பள்ளியிற் படித்திருக்கிறோம். அரசனுக்குச் சொன்ன அந்த அறிவுரைக்கு ஜேர்மனியப் பதிவுப் பத்திரத்திலும் ஓர் இடம் இருக்கின்றது என்றால் வியப்பாக இருக்கும். 8.1, 8.2 என்ற இடங்களில் முன் அச்சும் பின் அச்சும் தாங்கக்கூடிய நிறை தனித்தனியே எழுதப்பட்டுள்ளது. எல்லா மூடையையும் பின்னறையின் கடைசியிற் குவித்தால், மொத்த நிறை எல்லைக்குள் நின்றாலும் பின் அச்சு எல்லையைக் கடக்கக்கூடும். அப்போது முன்சக்கரங்களின் பிடி தளரும். தடுப்புத் தூரம் நீளும். அனுமதித்த நிறையை 20 வீதத்துக்கு மேல் மீறினால் அபராதத்துடன் ஃபிளென்ஸ்பேர்க்கில் ஒரு புள்ளியும் சேரும். உயிரோடு ஒப்பிடும்போது புள்ளி சிறிது.

பெரிய பின்னறையில் பொருட்கள் ஓடித் திரியவும் இடம் அதிகம் என்பதை மறக்கலாகாது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதினால், கட்டப்படாத பொருள் தன் நிறையின் 30 முதல் 50 மடங்கு விசையுடன் முன்னே பாயும். 20 கிலோ அரிசி மூடை அவ்வேளையில் அரை தொன்னுக்கு மேற்பட்ட அடியாக மாறும். அதன் முன்னே அமர்ந்திருப்பவர்கள் எம் பிள்ளைகள். பாரமானவை கீழேயும் ஆசனத்தின் முதுகோடு ஒட்டியும் இருக்கவேண்டும். கட்டுவதற்கான வளையங்கள் தரையில் உண்டா, வலை பூட்ட வசதியுண்டா என்று வாங்குமுன் பார்க்கவேண்டும். 12 வயது நிறையாத, 150 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சிறுவர் ஆசனம் சட்டப்படி கட்டாயம். அவ்வாசனங்களையும் கொண்டு சென்று பொருத்திப் பாருங்கள். மூன்று ஆசனங்கள் அருகருகே எல்லா வாகனத்திலும் அமையமாட்டா.

இடம் மட்டுமே தேவை என்றால் கொம்பி என்று இங்கு அழைக்கப்படும் நீண்ட கார்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். 2024 இன் ரிகுவானுக்கு 652 லீற்றர். புதிய பசாற், சுப்பேர்ப் கொம்பிகளுக்கு 690. பாரத்தைத் தூக்கவேண்டிய உயரமும் கொம்பியிற் குறைவு. எஸ்.யு.வி.யின் உண்மையான நன்மை வேறிடத்தில் இருக்கிறது. முழங்கால் நோவுள்ள முதியவர் அதில் குனிந்து இறங்காமலும் எம்பி ஏறாமலும், நாற்காலியில் அமர்வது போல் அமரலாம். மாமியார் இரண்டிலும் ஏறிப் பார்த்தார். கொம்பியிலிருந்து எழும்ப இருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. உயர்ந்த வாகனத்திலிருந்து தாமாக எழுந்தார். எங்கள் வீட்டில் எஸ்.யு.வி. வேண்டும் என்ற முடிவு அக்கணத்தில்தான் எடுக்கப்பட்டது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். இவ்வகைப் புது வாகனங்களுக்கு நாற்பதாயிரம் யூரோவுக்கு மேல் வேண்டும். மாதத் தவணை சிறிதாகத் தோன்றும் திட்டங்கள் பலவற்றில், இறுதியில் பெருந்தொகை ஒன்று காத்திருக்கும். மாதத் தொகையைக் கேட்குமுன் கடைசித் தொகையைக் கேளுங்கள். சில ஆண்டுகள் ஓடிய வாகனத்தை வணிகரிடம் வாங்கினால், குறைபாட்டுக்குக் குறைந்தது ஓராண்டு அவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டம். தனியாரிடம் வாங்கினால் அப்பொறுப்பை விலக்கி எழுதிவிடலாம்.

முடிவில் ஐந்து ஆசன வாகனம் ஒன்றை, பழையதாக, வாங்கினோம். முன்னே மாமியார், பின்னே பேரப்பிள்ளைகளுடன் ஒருவர், பின்னறையில் சக்கர நாற்காலி. அதற்கு மேலும் சந்தைச் சாமான்களுக்கு இடமுண்டு. எழுவரும் சேர்ந்து செல்லும் நாட்களை நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தோம். ஆண்டில் ஒன்பது நாட்கள். அந்நாட்களுக்கு ஒன்பது ஆசன வானை வாடகைக்கு எடுக்கிறோம். அதனை ஓட்டச் சாதாரண பி வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் போதும்.

வாங்க நினைக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். விற்பனை நிலையத்துக்கு வெறுங்கையுடன் செல்லாதீர்கள். வீட்டில் ஏற்றுவதற்கு மிகக் கடினமான பொருளையும், ஏறுவதற்கு மிகச் சிரமப்படும் மனிதரையும் அழைத்துச் செல்லுங்கள். எல்லா ஆசனத்திலும் ஆட்களை இருத்தி, அப்பொருளை வைத்து, பின்கதவை மூடிப் பாருங்கள். பின்பு பதிவுப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, ஒரு கடதாசியில் கழித்தற் கணக்கு ஒன்றைச் செய்யுங்கள். கணக்கைப் பேரப்பிள்ளையிடமே கொடுக்கலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும்.