இரும்பும் இளகும்



"இரும்பு மாதிரி உறுதி" என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம். என் தாத்தா அப்படிச் சொல்ல மாட்டார். அவர் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். நாற்பது வருடம் அருவாளும் மண்வெட்டியும் களைக்கொத்தும் அடித்தவர். "இரும்புக்குத் தெம்பெல்லாம் சூடு ஏர்ற வரைக்கும்தான் பாப்பா" என்பார்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு குடோனில் தீப்பிடித்தது. பஞ்சும் மக்காச்சோளமும் அடுக்கியிருந்த தகரக் கொட்டகை அது. எங்கள் மக்காச்சோளம் பதினெட்டு மூட்டை அதில் இருந்தது. அதை விற்றுத்தான் அக்காவுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும்.

தீ ஒரு பக்கம்தான் எரிந்தது. எங்கள் மூட்டை மறுபக்கம். அப்பா ஈரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, "நாலு மூட்டையாவது எடுத்தாந்துடுறேன்" என்று ஓடினார். தாத்தா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"டேய், மேல பாருடா. உத்தரம் தொங்குது. உள்ள போவாத."

"விடுப்பா, அது இரும்பு. மரமா எரிஞ்சு விழறதுக்கு?"

சட்டை கிழிந்துவிட்டது. தாத்தா விடவில்லை, இடுப்பைக் கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கூரை முழுவதும் பெரிய சத்தத்தோடு உட்கார்ந்துவிட்டது. பக்கச் சுவரும் வெளியே சாய்ந்தது. அப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். அப்பா அழுது அன்றுதான் முதலில் பார்த்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். இரும்பு எங்கும் உருகவில்லை. முறுக்குப் பிழிந்த மாதிரி வளைந்து கிடந்தது. உருகாத இரும்பு ஏன் விழுந்தது? அறிவியல் டீச்சரிடம் கேட்டேன்.

இரும்பு உருகச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டுமாம். ஆனால் 600 டிகிரியிலேயே அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பெரிய தீயில் 800, 1,000 டிகிரி கூட வரும். பட்டறையில் சிவந்த இரும்பைச் சம்மட்டி வளைக்கிறது. தீயில் கூரையின் பாரமே வளைத்துவிடுகிறது. இரும்பு சூட்டில் நீளவும் செய்யும். 10 மீட்டர் உத்தரம் 500 டிகிரி சூடேறினால் சுமார் 6 சென்டிமீட்டர் நீளும். அது சுவரை வெளியே தள்ளும். கனமான மர உத்தரம் எரிந்தால் மேலே கரி மூடி உள்மரத்தைக் கொஞ்ச நேரம் காக்கும். மெல்லிய இரும்புக்கு அந்தக் காப்பு கிடையாது. அப்பா நினைத்தது தலைகீழ்!

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் விமானங்கள் மோதிய இரட்டைக் கோபுரங்களும் இப்படித்தான் விழுந்தன. இரும்பின் மேல் பூசியிருந்த தீக்காப்பு, மோதலில் உதிர்ந்துவிட்டது. பிறகு தீயில் எஃகு இளகியது. ஒன்று 56 நிமிடத்திலும் மற்றொன்று 102 நிமிடத்திலும் சரிந்தன.

நம் தமிழ்நாட்டில், 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்பிடித்தது. ஏழு மாடி. மறுநாள் விடியுமுன்னே ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கான்கிரீட் தன்னுள் இருக்கும் கம்பிக்குப் போர்வை மாதிரி. நீண்ட நேரம் எரிந்தால் அந்தப் போர்வையும் வெடித்து உதிரும், கம்பி சூட்டில் மாட்டிக்கொள்ளும். நம் அரியலூர் சுண்ணாம்புக்கல்லில் செய்யும் சிமெண்ட் இரும்பையும் காக்கிறது என்று டீச்சர் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனாலும் அந்தக் காவலுக்கும் ஒரு நேரக்கணக்கு உண்டு.

நண்பர்களே, எரிகிற கொட்டகைக்குள் எதற்காகவும் ஓடாதீர்கள். சுவர் ஓரமும் நிற்காதீர்கள். உத்தரம் தொங்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், எல்லா நேரமும் அது முன்கூட்டிச் சொல்லாது. 101-க்கு போன் செய்யுங்கள்.

பதினெட்டு மூட்டையும் போய்விட்டது. அக்கா ஒரு வருடம் தாமதமாகத்தான் காலேஜில் சேர்ந்தாள். ஆனால் சேர்த்துவிட அப்பா கூடப் போனார். கிழிந்த சட்டையை அம்மா இன்னும் தூக்கிப் போடவில்லை.



ஒன்பதாம் வகுப்பு மாணவி