சொல்லைக் கேட்டு வாங்கியவர்

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை என்றதும் பலருக்கும் தனிநாயகம் அடிகளார் நினைவுக்கு வருவார். 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டில் அவர் பங்கு பெரிது. எனக்குப் பாடம் எடுத்தவர் மாநாடு எதையும் நடத்தியதில்லை. அவரை நினைக்க எனக்கு ஒரு தாள் போதும்.

முதலாண்டில் நான் தோட்டத்துப் பையன் என்று யாரிடமும் சொன்னதில்லை. வகுப்பில் வாயே திறக்கமாட்டேன். ஒருநாள் அறைக்குக் கூப்பிட்டார்.

“அம்மா என்ன வேலைப்பா?”

“பால்மரம் வெட்டுறாங்க, டாக்டர்.”

பரிதாபப்படுவார் என்று நினைத்தேன். வெள்ளைத் தாளை நீட்டினார். “அந்த வேலைக்கு என்னென்ன சொல்லு இருக்கோ, எல்லாத்தையும் அம்மாகிட்ட கேட்டு எழுதிட்டு வா.”

அம்மாவுக்குச் சிரிப்பு. “இதையெல்லாமா யுனிவர்சிட்டியில கேக்குறாங்க?” பெரட்டு, நிரை, மங்கு, ஒட்டுப்பால், கட்டிப்பால், தண்டல், கிராணி... 40 சொற்களுக்கு மேல் சொன்னார். வேலையைப் பற்றி அம்மா என்னிடம் அவ்வளவு பேசியது அன்றுதான்.

டாக்டர் நிதானமாகப் படித்தார். “இதுல பாதி எனக்கே தெரியாது. அடுத்த வாரம் வகுப்புல நீ சொல்லிக்கொடு.”

சொல்லிக்கொடுத்தேன். குரல் நடுங்கியது, யாரும் சிரிக்கவில்லை.

அந்தத் தோட்டம் இப்போது செம்பனை. பால்மரம் போனதும் அந்தச் சொற்களைப் பேச ஆளில்லை. தாள் மட்டும் இருக்கிறது. நான் இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லித் தருகிறேன். போன மாதம், பின்வரிசையில் பேசாமலே உட்கார்ந்திருக்கும் மாணவனிடம் அப்பா வேலையைக் கேட்டேன். லோரி ஓட்டுகிறாராம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தேன்.