கூண்டு ஏறிய நாட்களில் பேத்தியுடன்

நான் படித்த பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் ஆண்டுக்கு நான்கு பருவங்கள். மூன்றாவதன் பெயர் லோத்தோன். இலைகள் மஞ்சளாகி உதிரும், பறவைகள் தெற்கே போகும், பிள்ளைகள் கழுத்தில் கம்பளித்துணி சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். 1950களின் கடைசியில் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த நாங்கள் இதையெல்லாம் பிழையில்லாமல் எழுதுவோம். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு திக்தே என்று பெயர். திக்தே நடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருக்கும். எங்கள் ஊர் வேப்பமரம் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். ஐப்பசியில் அது குளித்துவிட்டு வந்ததுபோலப் பச்சென்று நிற்கும். ஆசிரியரும் இந்த ஊர்க்காரர்தான், அவருக்கும் இது தெரியும். ஆனால் அதை எழுதினால் மார்க் கிடையாது.

நம் முன்னோர் ஆண்டை ஆறாகப் பிரித்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றார்கள். எங்கள் கிளிஞ்சல்மேட்டில் அவ்வளவு இலக்கணம் வேண்டாம், "வாடை கிளம்பிடுச்சு" என்றால் போதும். அந்த நாட்களில் ஒரு கைக்குழந்தையை வெளியே தூக்கிப்போவது பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

2024 அக்டோபரில் பிரான்சிலிருந்து மகனும் மருமகளும் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேத்திக்கு அப்போது ஒன்பது மாதம். மகனுக்கு இரண்டு வாரம்தான் லீவு. மருமகளும் குழந்தையும் டிசம்பர் முதல் வாரம்வரை எங்களோடு இருப்பதாக ஏற்பாடு. அந்த நாட்டில் பிள்ளைக்கு மூன்று வயது ஆகும்வரை தாயோ தகப்பனோ வேலையை விடாமல் விடுப்பு எடுக்கலாம். சம்பளம் கிடையாது, வேலை போகாது. நான் சர்வீஸில் பல வருஷம் விடுப்புக் கோப்பு பார்த்தவன் என்பதால் இதையெல்லாம் மருமகளிடம் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டேன். மருமகள் பிறந்து வளர்ந்தது அங்கேதான். தாய் தகப்பன் புதுச்சேரி பக்கம். தமிழ் நன்றாகப் பேசும், கோபம் வந்தால் மட்டும் பிரெஞ்சு.

வந்த மறுநாளே ஒரு சின்னப் பிரச்சினை. அங்கே குழந்தையைத் தினம் ஒருமுறையாவது வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். குளிரோ தூறலோ, நன்றாகப் போர்த்தித் தள்ளுவண்டியில் வைத்து ஒரு சுற்று. என் மனைவி கேட்டதும் கையிலிருந்த சாம்பிராணிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஐப்பசி மாசத்துல பச்சப்புள்ளைய வெளியில தூக்கிட்டுப் போவாங்களா யாராவது? ஊதக்காத்து அடிச்சா நெஞ்சுல சளி கட்டிக்கும்மா."

"ஒருநாள் வெளிய போகலேன்னாலும் ராத்திரி தூங்க மாட்டா அத்தை. நான் சொல்லலை, அவளே சொல்லுவா பாருங்க."

அன்றிரவு பேத்தி சொன்னாள். இரண்டு மணிவரை வீடு முழுக்கச் சொன்னாள்.

விடிந்ததும் சமரசம் ஆனது. என் மனைவி நிபந்தனைகளைச் சொல்ல, நான் மனசுக்குள் ஒரு சுற்றறிக்கையாக எழுதிக்கொண்டேன். ஒன்று, மழை வெறித்திருந்தால் மட்டும். இரண்டு, காலை ஒன்பதுக்கு முன்னால் கூடாது, மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். மூன்று, காதை மூடிக் குல்லா, கன்னத்தில் மைப்பொட்டு, கையில் வசம்பு வளையம். நான்கு, கடற்கரைப் பக்கம் போகக்கூடாது. நான்காவதைச் சொல்லும்போது மட்டும் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மருமகளும் ஏன் என்று கேட்கவில்லை. மகன் முன்பே சொல்லியிருக்கிறான்.

பிரான்சிலிருந்து வந்த தள்ளுவண்டி மூன்றே நாளில் ஓய்வு பெற்றது. சிமெண்டுத் தெருவைத் தாண்டினால் சேறு, சேற்றைத் தாண்டினால் மணல். சக்கரம் ஒன்று சிக்கிக்கொண்டு, நானும் மகனும் அதைப் பல்லக்குபோலத் தூக்கிக்கொண்டு வந்ததை ஊரே பார்த்தது. அதற்குப் பிறகு மார்போடு கட்டிக்கொள்ளும் பை. மகன் இருந்தவரை அவன் கட்டிக்கொண்டான். நவம்பர் 3ஆம் தேதி அவன் விமானம் ஏறினான். மறுநாளிலிருந்து பை என் கழுத்துக்கு வந்தது. 74 வயதில் வெள்ளைச் சட்டைக்கு மேல் ஒரு குழந்தையைக் கட்டிக்கொண்டு நடந்தேன்.

எங்கே போனோம்? பெரிய இடம் ஒன்றும் இல்லை. மழை வெறிக்கிற நேரம் ஒரு மணி என்றால் மெயின் ரோடுவரை நடந்து, டீக்கடை ஓரம் நின்று பஸ் பார்ப்போம். பஸ் ஹாரனுக்கு மற்றக் குழந்தைகள் அழும், இவள் சிரிப்பாள். மூன்று மணி கிடைத்தால் ஆட்டோ வைத்துக் காரைக்கால். அம்மையார் கோயில், குளக்கரை, அரசலாற்றுப் பாலம். அறுபத்துமூவரில் மற்றவர்களெல்லாம் நிற்க, காரைக்காலம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார் என்று மருமகளுக்குக் காட்டினேன். "நல்லது மாமா, பொம்பளைக்கு ஒரு இடமாவது உட்காரக் கிடைச்சுதே" என்றது.

நவம்பர் 1 அன்றும் போனோம். 1954இல் அதே நாளில்தான் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். இங்கே விடுதலை நாள் விடுமுறை. பிரான்சிலும் அன்று விடுமுறைதான், ஆனால் அது சகல புனிதர்கள் திருநாளுக்காக. முதல்நாள்தான் தீபாவளி. ஆக, பேத்திக்கு மூன்று வகையிலும் பண்டிகை. அவள் கவனமெல்லாம் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்ற ஆட்டுக்குட்டியின் மேல்தான்.

வெளியே போகத் தொடங்கிய பிறகுதான் ஒன்று கவனித்தேன். எங்கள் தெருவில் குழந்தை தூக்கிக்கொண்டு நிற்கும் ஆண்பிள்ளை நான் ஒருவன் அல்ல. கைலியும் பனியனுமாய் வாசற்படியில், படகு நிழலில், கடைத்திண்ணையில் இளவட்டங்கள் ஆளுக்கொரு பிள்ளையோடு நிற்கிறார்கள். ஒருவன் தோளில் இரண்டு வயதுப் பையன், கையில் வலை ஊசி. இன்னொருவன் இடுப்பில் பெண்குழந்தை, அதற்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தான். காரணம் கூண்டு.

உள்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வங்கக்கடலில் காற்றழுத்தம் உருவானால் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்றிலிருந்து பதினொன்றுவரை எண்கள் உண்டு. ஒன்றும் இரண்டும் தூரத்துப் புயலுக்கு. மூன்று என்றால் பலத்த காற்று இந்தத் துறைமுகத்தையே தொடலாம் என்று பொருள். எண் ஏற ஏற ஆபத்து கூடும். கூண்டு ஏறினால், மீன்வளத் துறை அறிவிப்பு வந்தால், படகு கடலில் இறங்காது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் உண்டு, அது மீன் குஞ்சு பொரிப்பதற்கு. ஐப்பசி கார்த்திகையில் வருவது கடலே போடும் தடை. அதற்கு அரசாணை கிடையாது, முன்கூட்டித் தேதியும் கிடையாது. வருமானமும் கிடையாது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அடகுக்கடையில் கூட்டம் சேர்வதும் இந்த மாதங்களில்தான்.

ஆனால் அந்த நாட்களில் குழந்தைகளுக்குத் தகப்பன் கிடைக்கிறான். என் அப்பா கட்டுமரக்காரர். மற்ற மாதங்களில் விடியுமுன் போய்விடுவார், வந்தால் தூங்குவார். அவர் கையில் நான் இருந்த நினைவெல்லாம் மழை நாட்கள்தான். அவர் தலைத்துண்டு என்மேல் கிடக்கும், உப்பும் பீடியும் கலந்த வாசனை வரும், வெளியே காற்று ஊளையிடும்.

அரசு உத்தியோகத்தில் இதற்கு விதி வர எவ்வளவு காலம் ஆனது தெரியுமா? 1985இல் என் மகன் பிறந்தபோது பெண் ஊழியருக்குப் பிரசவ விடுப்பு 90 நாள். 1997இல் அது 135 நாளாகி, 2008இல் 180 ஆயிற்று. தகப்பனுக்கு முதன்முதலில் 15 நாள் கொடுத்தது 1997இல்தான். மகன் பிறந்தபோது நான் ஈட்டிய விடுப்பில் நான்கு நாள் எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் எல்லோரையும்போல "சொந்த அலுவல்" என்றுதான் எழுதினேன். பிரான்சில் 2021 ஜூலையிலிருந்து தகப்பனுக்கு 28 நாள். என் மகன் அத்தனையும் எடுத்தான். அதைச் சொல்லிப் பெருமைப்பட்டபோது பக்கத்துவீட்டுப் பையன், "எங்களுக்கு இந்த மாசம் மட்டும் பதினெட்டு நாள் ஆயிடுச்சு பெரியப்பா" என்று சிரித்தான். இடுப்பில் பிள்ளை, பையில் காசில்லை. அவன் சிரிப்பை நான் கணக்கில் எழுதத் தெரியாமல் நின்றேன்.

இனி அந்த நான்காவது நிபந்தனை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காரைக்கால் பகுதியில் அதிகம் அடிபட்ட ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. என் மனைவியின் தங்கை அன்று காலை மீன் வாங்கக் கரைக்குப் போனவள். அதற்குமேல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். பிறகு கடலிலிருந்து தள்ளிக் கட்டிய குடியிருப்புக்கு வந்தோம். இருபது வருஷமாக என் மனைவி கடற்கரைக்குப் போனதில்லை. மீன் வாசலுக்கு வரும். வீட்டு ஜன்னல்களில் கிழக்குப் பார்த்தது எப்போதும் சாத்தியிருக்கும். யாரும் அவளை வற்புறுத்தியதில்லை.

நவம்பர் கடைசி வாரம் கூண்டு ஏறியது. பிறகு ஃபெஞ்சல் என்று பெயர் வாங்கிய அந்தப் புயல், பெயர் வைக்குமுன்பே நாகப்பட்டினத்துக்கு எதிரே கடலில் ஊர்ந்துகொண்டு எங்களை நனைத்தது. பள்ளிகளுக்கு விடுமுறை, மின்சாரம் வரும் போகும். ஐந்து நாள் பேத்தி வீட்டுக்குள்ளேயே. தூளி, தவழல், மறுபடி தூளி. போனில் தகப்பன் முகம் தெரிந்தால் கண்ணாடியை நக்குவாள், சிக்னல் போனால் அழுவாள். நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அங்கே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி ஊரே மூழ்கியது. எங்களுக்குப் பெரிய சேதம் இல்லை.

மழை முழுதாய் விட்ட முதல் காலை. நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி குல்லாவை எடுத்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போலப் பேத்தியின் தலையில் மாட்டிவிட்டு, தானும் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"எங்க?" என்றேன்.

"நாளன்னைக்கு ஊருக்குப் போவுதுல்ல. இந்த ஊர்ப் பிள்ளை, கடலப் பாக்காம எப்படிப் போவும்?"

மருமகள் ஒன்றும் பேசாமல் வீட்டைப் பூட்டியது. நால்வரும் நடந்தோம். மேட்டில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் படகுகள்வரை வந்ததும் அவள் நின்றுவிட்டாள். கடல் செம்மண் நிறத்தில் கலங்கி இரைந்துகொண்டிருந்தது. கரையெல்லாம் குப்பை, தென்னைமட்டை, கிளிஞ்சல். பேத்தியைப் பையிலிருந்து எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டாள், முகம் ஊர்ப்பக்கம் இருக்கும்படி. குழந்தை சும்மா இருக்குமா? இரைச்சல் வந்த பக்கம் கழுத்தைத் திருப்பியது. இவள் இந்தத் தோளுக்கு மாற்றினால் அந்தப் பக்கம் திரும்பியது. இரண்டு மூன்று முறை இப்படியே. பிறகு என் மனைவி தானே மெல்லத் திரும்பி நின்றாள். ஒரு பத்து நிமிஷம் இருக்கும். படகுக்கு அந்தப் பக்கம் ஒரு அடிகூட வைக்கவில்லை. "காத்து அதிகமா இருக்கு, போவலாம்" என்றாள். வந்துவிட்டோம். கிழக்கு ஜன்னல் இன்னும் சாத்தித்தான் இருக்கிறது. அது அவள் விருப்பம்.

பேத்தி ஊருக்குப் போய், இப்போது நன்றாக நடக்கிறாள். மகன் புதன்கிழமைகளில் வேலைக்குப் போவதில்லை. அந்த நாட்டில் புதன்கிழமை சின்னப் பிள்ளைகளுக்காக வீட்டில் இருந்துகொள்ளும் பெற்றோர் பலர் உண்டாம். அன்று தகப்பனும் மகளும் மழையானாலும் வெளியே போகிறார்கள். போனில் காட்டுவான்.

இதைப் படிக்கும் இளம் அரசு ஊழியர்களுக்குப் பழைய குமாஸ்தாவின் ஒரு வார்த்தை. தந்தைமை விடுப்பு 15 நாளைப் பிரசவத்துக்கு 15 நாள் முன்னாலிருந்து, பிள்ளை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் காலாவதி, பிறகு எந்தக் கோப்பிலும் திரும்ப வராது. இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே இருந்தால் கிடையாது. மற்றபடி கேட்டால் மறுப்பது வழக்கமில்லை. எடுத்துவிட்டு டிவி முன்னால் உட்காராதீர்கள். மழை வெறித்ததும் பிள்ளையின் காதை மூடித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வாருங்கள். பேச்சுத்துணைக்கு எங்கள் தெருவில் ஆட்கள் இருக்கிறார்கள்.