ஒழுகும் நீரும் ஆறிய ஹீட்டரும்

தென்னாட்டில் மோட்டார் கார் வைத்திருப்போர் பலர், தம் வண்டியில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதையே ஆண்டுக்கணக்கில் நினைப்பதில்லை. மதுரையிலும் திருச்சியிலும் அதற்கு என்ன வேலை? வடக்கே வந்து குடியேறிய நமக்குத்தான், மார்கழி பிறந்ததும் அந்தச் சிறு திருகின் மீது கை போகிறது. நான் வாழும் லக்னோவில் ஜனவரி மாத விடியற்காலையில் உஷ்ணம் 5, 6 டிகிரிக்கு இறங்கிவிடும் நாட்கள் உண்டு. வெளியே மூடுபனி, உள்ளேயோ நம் மூச்சுக்காற்றே கண்ணாடியில் படிந்து மறைக்கும். அவ்வேளையில் ஹீட்டரைச் சுகபோகப் பொருள் என்று எவரும் சொல்லார்.

என்னிடம் உள்ளது 2010ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சிறிய பெட்ரோல் கார். பிறர் ஓட்டியதை நான் வாங்கியது. ரயில்வே குமாஸ்தாவுக்குக் கார் எதற்கு என்று வினவும் அன்பர்களுக்கு ஒரு சொல். என் தந்தையாருக்குச் சிறுநீரகங்கள் பழுதுற்று, வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது காலை 6 மணி முறை. மருத்துவமனை 14 கிலோமீட்டர் தொலைவு. பனிக்காலத்தில் அந்நேரத்திற்கு ஆட்டோ கிடைப்பது அரிது. இரத்தம் உடலுக்கு வெளியே சென்று திரும்பும் அந்தச் சிகிச்சைக்குப் பின்னர் அவருக்குக் குளிர் சிறிதும் தாங்காது. ஆகவே வண்டி வழியில் நின்றுவிடுமோ என்ற அச்சம் எங்கள் வீட்டில் சிறிய அச்சமன்று.

2023 டிசம்பரில் வண்டி இரண்டு குறைகளைக் காட்டியது. ரேடியேட்டரின் பக்கத்திலுள்ள வெள்ளைப் புட்டியில் நீர் குறைந்துகொண்டே வந்தது. மூன்று நாட்களுக்கு அரை லிட்டர் ஊற்றவேண்டியிருந்தது. தரையிலோ ஒரு சொட்டும் காணோம். அதே வாரத்தில் ஹீட்டர் முதலில் வெதுவெதுப்பாகி, பிறகு பச்சைத் தண்ணீர் போன்ற காற்றையே வீசத் தொடங்கிற்று.

பட்டறைக்குச் சென்றேன். "ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்து விடுகிறேன், பாபுஜி, ஒழுக்கு நிற்கும், முந்நூறு ரூபாய்" என்றார் மெக்கானிக். ஹீட்டர் என்னாவது என்றேன். கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள் என்றார். இன்னொரு பட்டறையில், ஹெட் காஸ்கெட் போயிருக்கும், எஞ்சினைத் திறந்தாக வேண்டும், 18,000 ரூபாய் ஆகும் என்றார்கள். முந்நூறுக்கும் பதினெண்ணாயிரத்துக்கும் இடையே எது உண்மை என்று எவரும் பார்த்துச் சொல்லவில்லை. பானட்டைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை.

எங்கள் ரயில்வே குடியிருப்பின் அடுத்த வரிசையில், டீசல் ஷெட்டில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற தஞ்சைப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னபோது முதலில் சற்றுக் கடிந்துகொண்டார். "தம்பி, ரயில் எஞ்சினில் நீர் குறைந்தால் தானே நிறுத்திவிடும் சாதனம் உண்டு. உன் காரில் அது இல்லை. முள் ஒன்றுதான். அந்த முள்ளும் நீரில் மூழ்கியிருக்கும்வரைதான் மெய் பேசும். நீர் அறவே வற்றினால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே கிடக்கும்" என்றார். முள் ஏறவில்லையே என்று நிம்மதியாக இருப்போர் இதனை மனத்தில் கொள்ளவேண்டும்.

பின்னர் அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். பெட்ரோல் எரிந்து பிறக்கும் உஷ்ணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. ஏனையதில் ஒரு பகுதி புகையோடு போகிறது. மற்றொரு பகுதியை எஞ்சினைச் சுற்றியோடும் நீர் ஏந்திச் செல்கிறது. அந்நீரில் ஒரு கிளை, டாஷ்போர்டுக்குப் பின்னே ஒளிந்திருக்கும் சிறிய ரேடியேட்டர் வழியாக ஓடி வருகிறது. அதன் மீது விசிறி காற்றை ஊதினால் அதுவே ஹீட்டர். தனி அடுப்பு ஏதும் அங்கே இல்லை. அந்தச் சிறு ரேடியேட்டர் உயரமான இடத்தில் இருப்பதால், நீர் குறைந்ததும் காற்று முதலில் அங்கேதான் புகுந்து அடைத்துக்கொள்ளும். ஒழுக்கும் குளிரும் எனக்கு ஒரே வாரத்தில் வந்ததன் காரணம் இதுவே.

ஞாயிறு காலை எஞ்சின் முற்றும் ஆறியிருக்கையில் வேலை தொடங்கினோம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பது முகத்தை வேகவைத்துக்கொள்வதற்குச் சமம். அந்த மூடி வெறும் மூடியன்று. உள்ளே அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்து, நீர் 100 டிகிரியில் கொதிக்காதபடி செய்வது. திறந்தால் அழுத்தம் நீங்கி, நீர் அக்கணமே ஆவியாகிப் பீறிடும். மூடியின் மேல் 0.9 என்று பொறித்திருந்தது. பெரியவர் இரவல் வாங்கிவந்த கைப்பம்பை ரேடியேட்டர் வாயில் பொருத்தி, அவ்வளவு அழுத்தம் ஏற்றினோம். முள் மெல்ல இறங்கிற்று. எங்கோ ஓட்டை உண்டு.

டார்ச் விளக்குடன் தேடினோம். உட்காருமிடத்தின் கம்பளம் உலர்ந்திருந்தது. தித்திப்பான நெடியும் இல்லை. எனவே ஹீட்டரின் சிறு ரேடியேட்டர் நலம். எண்ணெய்க்கோலில் பால்நிறம் இல்லை. பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலும் ஈரமில்லை. கடைசியில், எஞ்சினுக்குப் பின்புறம், ஹீட்டருக்குச் செல்லும் ரப்பர் குழாய் இரும்பைக் கவ்வுமிடத்தில், கிளாம்புக்கு அடியில் வெடிப்பு. சுற்றிலும் வெண்பொருக்கு. அங்கிருந்து கசிந்த நீர் சூடான இரும்பிலேயே விழுந்து உலர்ந்து போனதால்தான் தரை நனையவில்லை.

இன்னொன்றும் வெளிப்பட்டது. தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய கூட்டில் அஃது இல்லை! முன்பு வண்டியை வைத்திருந்தவர் காலத்தில் எவரோ பிடுங்கி எறிந்திருக்கிறார். நம் நாட்டு வெயிலுக்கு அது வேண்டாம் என்று சொல்லிக் கழற்றிவிடுவது பட்டறைகளில் பரவலான வழக்கம். உள்ளே மெழுகடைத்த அச்சிறு கதவு, நீர் 82 டிகிரி போன்ற அளவுக்கு ஏறும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடியிருக்கும். மெழுகு உருகி விரிந்ததும் திறக்கும். அது இல்லையெனில் குளிர்காலத்தில் எஞ்சின் சூடேறவே நெடுநேரமாகும், பெட்ரோல் வீணாகும், நீர் நிறைந்திருந்தாலும் ஹீட்டர் வெதுவெதுப்போடு நின்றுவிடும்.

புதிய தெர்மோஸ்டாட்டை வாங்கி, பொருத்துமுன் சோதிக்க வேண்டும் என்றார் பெரியவர். நூலில் கட்டி, அடுப்பிலேற்றிய நீரில் தொங்கவிட்டோம். கொதிநிலைக்கு முன்பே கதவு திறந்தது, ஆறியதும் மூடிற்று. "அந்தப் பாத்திரம் இனி என் அடுக்களைக்குள் வரக்கூடாது" என்று என் மனைவி உத்தரவிட்டாள். நியாயந்தான்.

இரண்டு குழாய்கள், கிளாம்புகள், தெர்மோஸ்டாட், புதிய மூடி, இரண்டு லிட்டர் கூலன்ட் என எல்லாம் சேர்ந்து 1,700 ரூபாய்க்குள் முடிந்தது. கூலன்டுக்குச் சரிபாதி பாட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரைக் கலந்தோம். குழாய்த் தண்ணீரின் உப்பு உள்ளே பொருக்காகப் படியும். கூலன்டிலுள்ள மருந்தோ துருவைத் தடுக்கும். வாயிற்சரிவில் வண்டியின் முகம் மேல்நோக்க நிறுத்தி, ஹீட்டர் திருகை முழுச்சூட்டில் வைத்து, மூடி திறந்தபடியே ஆறிய எஞ்சினை ஓடவிட்டோம். குமிழிகள் வந்துகொண்டேயிருந்தன; நீர்மட்டம் இறங்க இறங்க ஊற்றினோம். இருபது நிமிடத்திற்குப் பின் குமிழி நின்றது. உள்ளே கை வைத்துப் பார்த்தேன். நல்ல சூடு.

செவ்வாய்க்கிழமை விடியலில் பனி மிகுதி. முன் கண்ணாடி தெளிந்தே இருந்தது. சிகிச்சை முடிந்து திரும்புகையில் அப்பா மப்ளரைக் கழற்றி மடிமேல் வைத்துக்கொண்டு, "சன்னலைக் கொஞ்சம் இறக்கேன், புழுங்குகிறது" என்றார். அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கு ஒருமுறைகூடச் சிகிச்சை தவறவில்லை.

புட்டியின் கோட்டைக் காலையில், எஞ்சின் ஆறியிருக்கையில், வாரம் ஒருமுறை பார்த்துக் குறித்துவைக்கிறேன். மிஞ்சிய கூலன்ட் அலமாரியின் மேல்தட்டில், பெயர் எழுதி, பூட்டினுள் இருக்கிறது. அது கொடிய விஷம்; ஆனால் தித்திப்பானது. குழந்தைகளும் தெருநாய்களும் நாவில் வைத்துவிடுவதுண்டு. வடித்த பழைய நீரையும் சாக்கடையோரம் கொட்டாமல், மூடிய டப்பாவில் பட்டறையிலேயே சேர்ப்பித்தேன்.