பிள்ளை பார்க்க ஓர் உரிமம்

இங்கிலாந்தில் 8 வயதுக்குட்பட்ட பிறர் பிள்ளையை நம் வீட்டில் வைத்து, நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் காசுக்குப் பார்ப்பதென்றால் பதிவு வேண்டும். 2001இல் அப்பொறுப்பு உள்ளாட்சி மன்றங்களிடமிருந்து ஆஃப்ஸ்டெட்டுக்கு மாறியது. அதே பிள்ளையை அதன் வீட்டுக்கே போய்ப் பார்த்தால் பதிவு கட்டாயமில்லை. (சட்டத்தின் ஐயம் வீட்டின்மேல்தான் போலும்.)

பேரப்பிள்ளைகள் ஐவரை வளர்த்த அம்மாவுக்கு இது வேடிக்கை. "கடதாசி தாலாட்டுப் பாடுமோ பிள்ளை?" என்றார்.

நாங்கள் இருவரும் 12 மணி நேர முதலுதவிப் பயிற்சிக்குச் சென்றோம். கைக்குழந்தையின் தொண்டையில் ஏதேனும் அடைத்துக்கொண்டால், தலை தாழ்ந்திருக்கக் கவிழ்த்துப் பிடித்து, தோள்பட்டைகளின் நடுவே 5 முறை தட்ட வேண்டும். வெளிவராவிடில் நிமிர்த்தி மார்பில் 5 முறை அழுத்த வேண்டும். பொம்மைதான். ஆயினும் கை நடுங்கிற்று.

வீட்டில் 16 வயது நிரம்பிய எல்லோருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. மூத்தவனுக்கு 17. "என்னையுமா?" என்று கேட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். பிள்ளையை விட்டுச்செல்லும் தாய்க்கு நம்மில் எவரையும் தெரியாதே என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னோம். பதிலில்லை. மறுநாள் காலை, அவனுடைய படிவம் நிரப்பப்பட்டு மேசைமேல் கிடந்தது.