வாட்ஸு, ஓமு, சித்தப்பா காது

திருவொற்றியூர்ல இருக்கற எங்க சித்தப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் பணம் வந்ததும் ஹோம் தியேட்டர் ஆசை வந்துடுச்சு. மணலி பக்கம் முப்பது வருஷம் கம்ப்ரஸர் சத்தத்துக்கு நடுவுல வேலை பாத்த மனுஷன். "அகஸ்தியாவுல கேட்ட மாதிரி இருக்கணும்டா"ன்னு ஒரே கண்டிஷன். (தண்டையார்பேட்டை அகஸ்தியாவை 2020லயே மூடிட்டாங்க. அவருக்கு மட்டும் இன்னும் ஓடுது.)

ஸ்பீக்கர் ஏற்கனவே இருக்கு. தொண்ணூறுகள்ல பர்மா பஜார்ல வாங்கின ஜப்பான் ஜோடி. அதை மாத்தறதுன்னா சித்தியை மாத்தச் சொன்ன மாதிரி முறைக்கறார் :-) அதனால ரிசீவர் மட்டும்தான் வாங்கணும்.

மக்களே, ரிசீவர் வாங்கறதுக்கு முன்னாடி ஸ்பீக்கரோட முதுகைப் பாருங்க. சித்தப்பாவோடதுல 6 ஓம், 88 டெசிபெல்னு போட்டிருந்துது. ஓம் குறையக் குறைய ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையர்கிட்டேர்ந்து அதிகமா கரண்டை இழுக்கும். 8 ஓமுக்கு எல்லா ரிசீவரும் தாங்கும். 6க்கும் பெரும்பாலும் பிரச்னை இல்ல. 4 ஓம்னா தாங்கும்னு கம்பெனியே மேனுவல்ல எழுதியிருக்கான்னு பாத்துட்டுத்தான் காசு குடுக்கணும்.

அந்த 88 என்னன்னா, ஒரு வாட் குடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்னு கேட்டா வர்ற சத்தம். தூரம் ரெண்டு மடங்கானா சுமார் 6 டெசிபெல் குறையும். சித்தப்பா சேர் ரெண்டு மீட்டர்ல இருக்கு, அப்போ 82. இனிமே ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் வாட்ஸை ரெட்டிப்பாக்கணும். 2 வாட்டுக்கு 85, 4க்கு 88, 16க்கு 94, 64க்கு 100. நூறு டெசிபெல்ல படம் ஓடினா சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற அக்கா விளக்குமாத்தோட வந்து நிப்பாங்க. நிஜமான 70 வாட் இருந்தாலே அந்த ஹாலுக்கு ஜாஸ்தி.

"நிஜமான"ங்கறதுலதான் மேட்டரே இருக்கு. மெட்ரோல ஏறி அரசினர் தோட்டத்துல எறங்கி ரிச்சி தெருவுக்குப் போனோம். ஒரு கடையில பையன் எடுத்தவுடனே "சார் இது 150 வாட்ஸ்"ன்னான். அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாத்தா பொடி எழுத்துல 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல் மட்டும், 10% டிஸ்டார்ஷன். அதாவது மத்த சேனலையெல்லாம் தூங்க வச்சுட்டு, ஒரே ஒரு சேனலைக் கத்த விட்டு, அது தொண்டை கிழியறப்ப எடுத்த கணக்கு. அதே மாடலுக்கு 8 ஓம், 20 ஹெர்ட்ஸ்லேர்ந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், ரெண்டு சேனல், 0.08% டிஸ்டார்ஷன்னு இன்னொரு வரி இருந்துது. அங்க 70. அந்த வரியைத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடணும். 75க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் ஒரு டெசிபெல்லும் சொச்சமும்தான், காதுக்குத் தெரியறதே கஷ்டம். விலையில மட்டும் நல்லாத் தெரியும்.

ஸ்பீக்கர்ல 100 வாட்னு போட்டிருந்தா ரிசீவர் அதைவிடக் கம்மியா இருக்கணும்னு பல பேர் நினைக்கறாங்க. சின்ன ஆம்ப்ளிஃபையரை ஃபுல் வால்யூம்ல அழுத்தினா அலையோட தலை வெட்டுப்படும். முதல்ல பலியாகறது ட்வீட்டர்.

பின்னாடி ஓம் மாத்தற ஸ்விட்ச் இருந்தா, சாதாரண ஸ்பீக்கருக்கு 8லயே விட்டுடுங்க. கீழ எறக்கினா சூடு குறையும், கூடவே பவரும் குறையும்.

சித்தப்பாவுக்கு வாட்ஸு பிரச்னையே இல்லன்னு எனக்கு டெமோ ரூம்லதான் உறைச்சுது. சண்டைக் காட்சியில "போதும்பா"ன்னார். வசனம் வந்தா, "என்ன சொல்றான்?" கம்ப்ரஸர் தின்னது காதோட மேல் அலைவரிசையை. ச, த, ப எல்லாம் அங்கதான் இருக்கு. வால்யூமை ஏத்தினா வெடிச்சத்தம்தான் ஏறுது, சொல்லு புரியறதில்ல.

அதனால 9 சேனல், அட்மாஸ் எல்லாம் வேணாம்னு சொல்லிட்டேன். அஞ்சு சேனல் ரிசீவர் ஒண்ணு, வசனத்துக்குன்னு ஒரு சென்டர் ஸ்பீக்கர். அவர் சேர் நடுவுல இல்ல, ஜன்னல் ஓரம். அங்கேர்ந்து கேட்டா ரெண்டு ஸ்பீக்கர்லேர்ந்து வசனம் நடுவுல நிக்காது, ஒரு பக்கமாச் சாயும். சென்டரை மட்டும் 3 டெசிபெல் ஏத்தி, ராத்திரி மோடையும் போட்டு விட்டேன். இப்ப பாதி வசனம் புரியுதாம். மிச்சம் புடிச்ச காசு அப்படியே இருக்கு, அது காது மிஷினுக்குன்னு நான் சொல்றேன். அதுக்கு மட்டும் அவருக்குக் காதே கேக்காது.

நம்ம ஏரியாக்காரங்களுக்குத் தனியா ரெண்டு வார்த்தை. ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் உப்புக்காத்து. செப்புக் கம்பி நுனி கறுத்து, அப்புறம் பச்சையாகி, கரகரன்னு சத்தம் வரும். அப்பப்ப கறுத்த நுனியை வெட்டிட்டுப் புதுசா சீவி இறுக்கிடுங்க. ரிசீவரை கண்ணாடி ஷோகேஸுக்குள்ள பூட்டி வைக்காதீங்க, சூட்டுலயே போயிடும். சப்வூஃபரைப் பத்தி ரொம்ப அலட்டிக்க வேணாம். டிசம்பர் 31 ராத்திரி பன்னெண்டு மணிக்குத் துறைமுகத்துல கப்பலெல்லாம் சேந்து சங்கு ஊதும் பாருங்க, அந்த பேஸை எந்தக் கடையிலயும் விக்கறதில்ல.

செவ்வாய்க்கிழமை ஸ்டான்லில காது டெஸ்டுக்குக் கூப்பிட்டிருக்கேன். "ரிசீவர் வாரன்டி கார்டை எங்கடா வச்ச?"ங்கறார்.